மூட்டுக்குள் வளர்ந்தது என்ன?

முழங்கால் தேய்மானத்துக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவருக்கு ஓராண்டு கழித்து எக்ஸ்ரே எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே 1 மில்லிமீட்டராக ஒடுங்கிக் கிடந்த இடைவெளி இப்போது 2 மில்லிமீட்டருக்கு விரிந்திருக்கிறது. மாடிப்படி ஏறும்போது இருந்த வலியும் தணிந்திருக்கிறது. குருத்தெலும்பு மறுபடி வளர்ந்துவிட்டது என்று மருத்துவர் சொன்னால் நோயாளி நம்புவார். மருத்துவரும் நம்பித்தான் சொல்கிறார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு எங்குமே இல்லை. கதிர்களைத் தடுத்து நிழல் விழச் செய்வது எலும்பிலுள்ள கால்சியம். குருத்தெலும்பும் அதைச் சுற்றியுள்ள மூட்டுத் திரவமும் எக்ஸ்ரேக்கு ஏறக்குறைய ஒன்றுதான். கறுப்பாகத் தெரியும் இடைவெளியை அளந்துவிட்டு, அங்கே குருத்தெலும்பு இருந்தாக வேண்டும் என்று நாம் ஊகிக்கிறோம். நோய் தன்போக்கில் முற்றிக்கொண்டு போகும் முழங்காலில் இந்த ஊகம் ஓரளவு நிற்கும். கத்தி வைத்த முழங்காலில் நிற்பது கடினம். அறுவை சிகிச்சை மூட்டை மாற்றும்போதே, மூட்டை அளக்க நாம் வைத்திருக்கும் கோலையும் சேர்த்து மாற்றிவிடுகிறது. எக்ஸ்ரேயில் ஒரு விதமாக, ஸ்கேனில் வேறு விதமாக, உள்ளே குழாய் விட்டுப் பார்ப்பதில் இன்னொரு விதமாக இந்தச் சிக்கல் வந்துகொண்டே இருக்கிறது. மறுவளர்ச்சி பற்றிய எந்த எண்ணைப் படித்தாலும், அதில் எவ்வளவு திசுவால் வந்தது, எவ்வளவு கோல் மாறியதால் வந்தது என்று பிரித்துப் பார்க்காமல் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை.

இவ்வளவு கறாராக இருக்க ஒரு காரணம் உண்டு. முதிர்ந்த மனிதரின் மூட்டுக் குருத்தெலும்பு வளரும் என்பதே நெடுங்காலமாக மருத்துவம் ஒத்துக்கொள்ளாத பேச்சு. 1743-இல் லண்டனில் வில்லியம் ஹண்டர் ராயல் சொசைட்டியின் இதழில் மூட்டுக் குருத்தெலும்பின் அமைப்பையும் நோய்களையும் பற்றி எழுதினார். அழிந்த குருத்தெலும்பு மீண்டு வருவதில்லை என்பது அவர் முடிவு. திசுவின் அமைப்பைப் பார்த்தால் அவர் சொன்னதில் வியப்பில்லை. முழங்காலில் பெரும்பாலான இடங்களில் 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை தடிமன் கொண்ட இந்தப் போர்வைக்குள் ரத்தக்குழாய் இல்லை, நரம்பு இல்லை. எடையில் முக்கால் பங்கு தண்ணீர். செல்கள் கன அளவில் சில சதவீதமே. மீதி இடத்தை இரண்டாம் வகைக் கொலாஜன் இழைகளின் வலையும், அதில் சிக்கிய புரோட்டியோகிளைக்கான் என்னும் பெரிய மூலக்கூறுகளும் நிரப்புகின்றன. அந்த மூலக்கூறுகளில் தொங்கும் சர்க்கரைச் சங்கிலிகள் எதிர்மின்னேற்றம் கொண்டவை. அவை தண்ணீரை இழுக்கும், கொலாஜன் வலை விரிவை அடக்கும், இந்த இழுபறியில்தான் குருத்தெலும்பு உடல் எடையைத் தாங்கும் விறைப்பைப் பெறுகிறது. காயம் பட்டால் ரத்தம் கசிந்து, உறைந்து, செல்கள் வந்து குவிந்து ஆற்றும் வழக்கமான ஏற்பாட்டுக்கு இங்கே வழியே இல்லை.

ஹண்டரின் முடிவுக்கு எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு சான்று வந்தது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெட்டவெளியில் வெடித்துப் பார்த்த அணுகுண்டுகளால், காற்றிலிருந்த கதிரியக்கக் கார்பன்-14 ஏறக்குறைய இரண்டு மடங்கானது. 1963-இல் சோதனைத் தடை ஒப்பந்தம் வந்த பிறகு அது படிப்படியாகக் குறைந்தது. அந்தந்த ஆண்டில் உருவான திசுவில் அந்தந்த ஆண்டின் கார்பன் பதிந்துவிடும். (பனிப்போரால் மூட்டு மருத்துவத்துக்குக் கிடைத்த நன்மை இது ஒன்றாகத்தான் இருக்கும்.) 2016-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் மனித முழங்கால் குருத்தெலும்பின் கொலாஜனில் இதை அளந்தார்கள். வளர்ந்து முடிந்தபின் அந்தக் கொலாஜன் மாற்றப்படுவதே இல்லை என்று சொல்லும்படியான முடிவு வந்தது. தேய்மானம் வந்த மூட்டிலும் அப்படியே. சர்க்கரைச் சங்கிலிகள் உள்ள பகுதி புதுப்பிக்கப்படுகிறது. வலையின் இழைகள் இளமையில் நெய்தவைதான். இதை வைத்து, மறுவளர்ச்சி என்று சொல்வதெல்லாம் பொய் என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதம் சான்றைவிட ஓர் அடி கூடுதலாகத் தாண்டுகிறது. டென்மார்க் ஆய்வு அளந்தது ஏற்கெனவே இருந்த குருத்தெலும்பை. குருத்தெலும்பே இல்லாமல் எலும்பு வெளித்தெரியும் இடத்தில், சுமையையும் சூழலையும் மாற்றிவிட்டால் புதிதாக ஏதாவது முளைக்குமா என்ற கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை.

அந்தக் கேள்வியை முதலில் எழுப்பிவிட்டது ஆஸ்டியோடமி என்னும் அறுவை சிகிச்சை. கால் வில்லாக வளைந்தவர்களுக்கு உடல் எடை முழங்காலின் உட்புறப் பாதியிலேயே விழுந்து அந்தப் பக்கம் மட்டும் தேயும். டயர் ஒருபக்கமாகத் தேய்ந்தால் அலைன்மென்ட் பார்ப்பதுபோல, கீழ்க்கால் எலும்பை மூட்டுக்குச் சற்றுக் கீழே வெட்டி, கோணத்தைத் திருத்தி, தகடு வைத்துத் திருகாணியால் இறுக்கிவிடுவார்கள். 1961-இல் பிரிட்டனில் ஜாக்சனும் வாவும், 1965-இல் அமெரிக்காவில் மார்க் காவென்ட்ரியும் எழுதியபின் இது பரவியது. எடைக்கோடு மூட்டை எங்கே கடக்க வேண்டும் என்பதற்கு, உள் விளிம்பிலிருந்து ஏறக்குறைய 62 சதவீதத் தொலைவு என்று அறுவை மருத்துவர்கள் இன்றும் குறிவைக்கும் புள்ளி ஒன்று உண்டு. ஜப்பானின் புஜிசாவா 1979-இல் வெளியிட்ட ஆய்வின் வழியே அவர் பெயரிலேயே அது வழங்குகிறது. அந்த ஆய்வின் அடிப்படை எக்ஸ்ரே அல்ல. அவர் 54 முழங்கால்களுக்குள் ஆர்த்ராஸ்கோப் என்னும் பார்வைக்குழாயைச் செலுத்தி, சுமை விலகிய உட்புறத்தில் என்ன நடந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்தார். வெறும் எலும்பாகக் கிடந்த இடத்தில் வெண்மையான திசு படர்ந்திருப்பதை இப்படிப் பார்த்தவர்கள் அதன்பின் பலர்.

எக்ஸ்ரேயை நம்பாமல் உள்ளே போய்ப் பார்த்ததற்குக் காரணம் இந்த அறுவையிலேயே இருக்கிறது. கோணத்தைத் திருத்தியதும் எடை வெளிப்புறப் பாதிக்கு மாறுகிறது. உட்புறத்தில் எலும்புகள் ஒன்றையொன்று அழுத்துவது குறைகிறது. நின்றபடி எடுக்கும் எக்ஸ்ரேயில் அங்கே இடைவெளி அன்றே கூடிவிடும். ஒரு செல்கூட வளர்ந்திருக்க வேண்டியதில்லை. இன்னொன்றும் சேரும். வலியுள்ளவர் முழங்காலை முழுக்க நீட்டி, முழு எடையையும் போட்டு நிற்பதில்லை. வலி குறைந்ததும் நீட்டி ஊன்றி நிற்கிறார். மடக்கம் சில டிகிரி மாறினால் தொடை எலும்பின் வேறொரு வளைவு கீழே உள்ளதைத் தொடும், அளக்கும் இடமே வேறாகிவிடும். சில டிகிரியில் என்ன பெரிதாக மாறிவிடும் என்று கேட்கலாம். தேய்மானம் தன்போக்கில் போகும் முழங்காலில் இடைவெளி ஆண்டுக்கு 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர்தான் குறைகிறது. அளக்க வேண்டியது அவ்வளவு சிறியதாக இருக்கும்போது, நிற்கும் விதத்தில் வரும் பிழை அதை எளிதில் விழுங்கிவிடும். எலும்புகளுக்கு இடையே உள்ள மெனிஸ்கஸ் என்னும் பிறைவடிவத் தட்டு வெளிப்பக்கம் பிதுங்கினாலும் இடைவெளி சுருங்கும். அதற்கும் குருத்தெலும்புக்கும் நேரடித் தொடர்பு இல்லை. 1957-இல் கெல்கிரெனும் லாரன்சும் வகுத்த, இன்றும் எல்லா மருத்துவமனைகளிலும் சொல்லப்படும் 'கிரேடு 3', 'கிரேடு 4' அளவீடு நோயின் கடுமையைச் சொல்ல வந்தது. வளர்ச்சியை அளக்க யாரும் அதை உருவாக்கவில்லை.

அப்படியானால் கண்ணால் பார்ப்பதைவிடப் பெரிய சான்று உண்டா என்று கேட்கத் தோன்றும். ஜப்பானிலும் கொரியாவிலும் இந்த வகை ஆய்வுகள் அதிகம். எலும்பு கூடியபின், ஓரிரு ஆண்டில் தகட்டை எடுத்துவிடும் வழக்கம் அங்கே உண்டு. எடுக்கும்போதே இன்னொரு முறை ஆர்த்ராஸ்கோப்பையும் விட்டுப் பார்த்துவிடலாம். ஆனால் 'பார்ப்பது' என்பது என்ன என்று கொஞ்சம் நெருங்கிக் கவனிக்க வேண்டும். பேனா ரீஃபிலைவிடச் சற்றுப் பருத்த ஒரு குழாய், அதன் முனையில் சாய்வாகப் பார்க்கும் லென்ஸ். மூட்டுக்குள் உப்புநீரை அழுத்தத்தோடு ஏற்றி இடத்தை விரித்து வைத்திருப்பார்கள். லென்சைத் திசுவுக்கு அருகில் கொண்டுபோனால் சிறிய புண் பெரிதாகத் தெரியும், தள்ளிப் பிடித்தால் சுருங்கும். பரப்பை மதிப்பிட, கொக்கிபோல் வளைந்த உலோக முனையைப் பக்கத்தில் வைத்துக் கண்ணளவாகச் சொல்வார்கள். அதே முனையால் அழுத்தியும் பார்ப்பார்கள். நல்ல குருத்தெலும்பு அழுத்தத்தை வாங்கி உடனே மேலெழும். நாராலான திசு குழிந்து, தயங்கித்தான் நிமிரும். இந்த உணர்வு மருத்துவரின் விரலில் இருக்கிறது, தாளில் எண்ணாக வருவதில்லை. எதுவும் முளைக்கவில்லை, ஓரளவு மூடியிருக்கிறது, முழுவதும் மூடியிருக்கிறது என்ற மூன்று படிகளில் கொஷினோ வகுத்த முறையைப் பலரும் பின்பற்றுகிறார்கள். அது பரப்பைச் சொல்லும். தடிமனைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது, திசு எந்த வகை என்பதையும் அது சொல்லாது.

அதோடு, இரண்டாவது முறை உள்ளே பார்க்கக் கிடைப்பவர் யார் என்பதும் முக்கியம். தகட்டை எடுக்க வந்தவர்கள்தான் கிடைப்பார்கள். இடையில் வலி முற்றிச் செயற்கை மூட்டுக்குப் போனவர், திரும்பி வராமலே நின்றுவிட்டவர் ஆகியோரின் மூட்டு கணக்கில் சேராது. பார்க்கிறவரோ பெரும்பாலும் முதலில் அறுவை செய்த அதே மருத்துவர், அல்லது அவருடைய குழுவில் ஒருவர். நேர்மைக் குறைவு என்று சொல்ல வரவில்லை. 'ஓரளவு' என்பதற்கும் 'முழுவதும்' என்பதற்கும் நடுவில் உள்ள கோட்டை எங்கே போடுவது என்பதில், எதிர்பார்ப்புக்கு எப்போதும் ஓர் ஓட்டு உண்டு. காணொளியைப் பதிந்து, யாருடைய மூட்டு, எந்தச் சிகிச்சை, எது முன் எது பின் என்று தெரியாத இருவரிடம் தனித்தனியே கொடுத்து மதிப்பிடச் செய்தால் இந்தக் குறை பெருமளவு நீங்கும். அப்படிச் செய்யாத ஆய்வுகளின் சதவீதங்களை நான் பாதி மனத்தோடுதான் படிப்பேன்.

திசு எந்த வகை என்பதற்குப் பயாப்ஸி எடுக்கலாம். ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் விட்டத்தில், எலும்புவரை எட்டும் ஒரு குச்சிபோலத் திசுவை எடுத்துச் சாயமேற்றுவார்கள். சஃப்ரானின்-ஓ சாயம் சர்க்கரைச் சங்கிலிகள் உள்ள இடத்தில் சிவப்பாகப் பிடிக்கும், இல்லாத இடம் வெளிறிக் கிடக்கும். முனைவுற்ற ஒளியில் பார்த்தால், நல்ல குருத்தெலும்பில் இழைகள் அடியில் செங்குத்தாக எழுந்து, மேலே வளைந்து, மேற்பரப்பில் படுத்துக்கிடப்பது தெரியும். பழுதுபார்ப்பில் வந்த திசுவில் பெரும்பாலும் இந்த ஒழுங்கு இல்லை. இரண்டாம் வகைக் கொலாஜனோடு, தழும்பில் வரும் முதல் வகைக் கொலாஜனும் கலந்திருக்கும். நார்க்குருத்தெலும்பு என்று இதைச் சொல்கிறோம். ஆனால் 2 மில்லிமீட்டர் குச்சி அந்த ஒரு புள்ளியைத்தான் சொல்லும். பல சதுர சென்டிமீட்டர் பரப்புக்கு அதைப் பொதுவாக்குவது துணிச்சல். புதிதாக வந்த திசுவில் ஓட்டை போட்டு அதன் நலத்தை அறிவதில் உள்ள முரணையும் நோயாளியிடம் விளக்கியாக வேண்டும்.

நார்க்குருத்தெலும்பாக இருந்தால் என்ன, எலும்பு மூடப்பட்டிருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2004-இல் நார்வேயில் 80 பேரிடம் செய்த ஆய்வு இங்கே நினைவுக்கு வர வேண்டும். அவர்களுக்கு இருந்தது தேய்மானம் அல்ல, குருத்தெலும்பில் தனியாக ஒரு பள்ளம்; எலும்பில் துளையிடும் முறையையும் செல் வளர்த்து வைக்கும் முறையையும் ஒப்பிட்டார்கள். இரண்டாண்டு கழித்து 67 பேரிடம் பயாப்ஸி எடுத்தார்கள். திசுவின் தரத்துக்கும் அப்போது நோயாளி இருந்த நிலைக்கும் தொடர்பு தென்படவில்லை. தேய்மானத்திலேயே இதைவிடக் கூர்மையான சான்று ஒன்று உண்டு. 2002-இல் ஜப்பானின் வாகிடானியும் உடனுழைத்தோரும் ஆஸ்டியோடமி செய்துகொண்ட 24 பேரில் 12 பேருக்கு, அவர்களுடைய எலும்பு மஜ்ஜையிலிருந்து வளர்த்த செல்களையும் மூட்டில் வைத்தார்கள். 12 பேருக்குச் செல் வைக்கவில்லை. ஆர்த்ராஸ்கோப்பிலும் நுண்ணோக்கியிலும் செல் வைத்தவர்களின் திசு மேலாக இருந்தது. வலியிலும் நடமாட்டத்திலும் இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சிறிய ஆய்வுதான். ஆனால் கேள்வியைச் சரியான இடத்தில் வைத்தது. கோணத் திருத்தம் இரு குழுவுக்கும் பொது, வளர்ச்சி மட்டும் வேறு. பலனோ ஒன்றாக இருக்கிறது. அப்படியானால் ஆஸ்டியோடமியில் வலியைக் குறைத்தது சுமை மாறியது. திசு வளர்ந்தது அதே மாற்றத்தின் இன்னொரு விளைவு என்று கொள்வதே பொருத்தம். செல் ஊசி, மஜ்ஜைச் சாறு என்று ஆஸ்டியோடமியோடு சேர்த்து விற்கப்படும் எதற்கும், அதைச் சேர்க்காத ஆஸ்டியோடமியோடு ஒப்பீடு எங்கே என்று கேட்பதற்குக் காரணம் இதுதான்.

எம்.ஆர்.ஐ. வந்தபின் தோலைத் துளைக்காமலே தடிமனை அளக்க முடிந்தது. 2004-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ் இனிஷியேட்டிவ் என்ற ஆய்வு, 4,796 பேரின் முழங்கால்களை ஆண்டுக்கணக்கில் ஸ்கேன் செய்து பொதுவில் வைத்தது. அதன் வழியே இந்தக் கலை நன்கு தேறியது. ஒரு படப்புள்ளி ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர் அகலம். அப்படியிருக்க அதற்கும் சிறிய மாற்றத்தை எப்படிச் சொல்ல முடியும்? பரப்பெங்கும் ஆயிரக்கணக்கான இடங்களில் அளந்து சராசரி எடுக்கும்போது ஏறுக்குமாறான பிழைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஸ்ப்ரிஃபெர்மின் என்ற ஊசிமருந்தை 549 பேரிடம் சோதித்து 2019-இல் வெளியிட்டார்கள். மிக அதிக அளவு பெற்ற குழுவில் இரண்டாண்டில் குருத்தெலும்பு 0.05 மில்லிமீட்டர் கூடியது, பொய்மருந்துக் குழுவில் 0.02 குறைந்தது. இந்த நுணுக்கம் குழுக்களுக்குத்தான். தன் ஒற்றை முழங்காலின் இரண்டு ஸ்கேன்களைக் கையில் வைத்திருப்பவர் 0.05 மில்லிமீட்டர் மாற்றத்திலிருந்து எதையும் அறிய முடியாது. அந்த மருந்திலும் வலி மதிப்பெண்ணில் பொய்மருந்தைவிடக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை.

அறுவைக்குப் பின் ஸ்கேன் எடுக்கும்போது கோல் மறுபடி வளைகிறது. தகடும் திருகாணியும் காந்தப்புலத்தைக் குலைத்து, அவற்றைச் சுற்றியுள்ள பகுதியைப் படத்தில் இருட்டாக்கும், நெளிக்கும். ஆஸ்டியோடமித் தகடு உட்கார்ந்திருப்பதோ நாம் பார்க்க விரும்பும் மூட்டுப் பரப்புக்குச் சற்றுக் கீழே. தகட்டை எடுத்தபின் ஸ்கேன் செய்தால் படம் தெளியும், ஆனால் இடையில் என்ன நடந்தது என்பது போய்விடும். குருத்தெலும்பு சுமையில் நசுங்கி, ஓய்வில் தண்ணீர் குடித்து உப்பவும் செய்யும். முப்பது முறை உட்கார்ந்தெழுந்தாலே முழங்கால் சில்லின் குருத்தெலும்பு மெலிவது ஸ்கேனில் தெரிகிறது. அறுவைக்கு முன் நடந்து வந்து படுத்தவரும், பின்னர் ஊன்றுகோலோடு வந்து படுத்தவரும் ஒரே ஆளாக இருக்கலாம், ஆனால் குருத்தெலும்பு ஒரே நிலையில் இல்லை. தடிமனை விட்டு உள்ளடக்கத்தை அளக்கும் ஸ்கேன்களும் உண்டு. எதிர்மின்னேற்றம் கொண்ட கடோலினியம் மருந்தை ஏற்றினால், சர்க்கரைச் சங்கிலிகள் நிறைந்த இடம் அதைத் தள்ளும், அவை குறைந்த இடத்துக்குள் அது நுழையும். எவ்வளவு நுழைந்தது என்று பார்த்துத் தரத்தைக் கணிக்கலாம். அழகான யோசனை. ஆனால் கடோலினியம் மூளையில் தங்குவது தெரிந்தபின், ரத்தக்குழாயில் ஏற்றும் அந்த வகை மருந்துகள் பலவற்றை ஐரோப்பிய மருந்து முகமை 2017-இல் நிறுத்தச் சொல்லிவிட்டது. மருந்தில்லாமல் எடுக்கும் டி2 வரைபடம் இழைகளின் ஒழுங்கைக் காட்டும். ஆனால் இழை காந்தப்புலத்துக்கு ஏறக்குறைய 55 டிகிரி சாய்ந்தால் அளவு தானாகவே கூடிக் காட்டும். எலும்பின் கோணத்தையே திருத்திய காலில் இது எந்தப் பக்கம் இழுக்கும் என்று பார்த்தாக வேண்டும். ரத்தத்திலும் சிறுநீரிலும் கொலாஜன் துணுக்குகளை அளப்பது இன்னொரு வழி. எந்த மூட்டிலிருந்து வந்தவை என்று அவற்றில் எழுதியிருப்பதில்லை.

இத்தனை சந்தேகங்களுக்குப் பிறகும் நிற்கும் சான்று ஒன்று உண்டென்றால், அது நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரிலிருந்து வந்தது. அங்கே செய்வது கோணத் திருத்தம் அல்ல. முழங்காலுக்கு மேலும் கீழும் எலும்பில் கம்பிகளைப் பதித்து, வெளியே இருபுறமும் ஸ்பிரிங் வைத்த குழாய்களோடு பிணைத்து, மூட்டை 5 மில்லிமீட்டர் விலக்கி வைக்கிறார்கள். அந்தச் சட்டத்தோடு சுமார் இரண்டு மாதம், காலை ஊன்றி நடக்கலாம். கம்பி நுழையும் இடங்களில் சீழ் பிடிப்பது சாதாரணம். ஆன்டிபயாடிக் இல்லாமல் தப்புபவர் குறைவு. 60 வயதுக்குட்பட்ட, செயற்கை மூட்டு வைக்கும் நிலைக்கு வந்துவிட்ட 20 பேரிடம் செய்து 2011-இல் வெளியிட்டார்கள். ஓராண்டு முடிவில் எம்.ஆர்.ஐ.யில் குருத்தெலும்பின் சராசரித் தடிமன் 2.4-இலிருந்து 3.0 மில்லிமீட்டராகியிருந்தது. எலும்பு வெளித்தெரிந்த பரப்பு 22 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருந்தது. ஸ்ப்ரிஃபெர்மினின் 0.05-க்குப் பக்கத்தில் இந்த 0.6-ஐ வைத்துப் பார்த்தால்தான் அதன் அளவு புரியும்.

இதையும் அதே சந்தேகத்தோடு உரசிப் பார்க்கலாம். கால் கோணம் திருத்தப்படவில்லை, ஆகவே சுமை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாறியதால் இடைவெளி விரிந்தது என்று சொல்ல முடியாது. ஸ்கேன் படுத்திருக்கும்போது எடுத்தது, நிற்கும் விதம் இங்கே குறுக்கிடாது. கம்பிகளை எடுத்துவிட்டார்கள், உலோகம் இல்லை. சுமை இல்லாமல் கிடந்த திசு தண்ணீர் குடித்து உப்பியதுதானா? இரண்டு மாதம் முடிந்ததும் எடுத்த படமாக இருந்தால் இந்தக் கேள்விக்கு வலு உண்டு. இது பத்து மாதம் அந்தக் காலில் நடந்தபின் எடுத்தது. அதைவிட முக்கியம், குருத்தெலும்பே இல்லாத எலும்பின் மேல் தண்ணீர் குடித்து உப்ப என்ன இருக்கிறது? 22 சதவீதம் 5 சதவீதமானதை வீக்கத்தால் விளக்க முடியாது; அங்கே ஏதோ வந்து படிந்திருக்கிறது. அது இளமையில் நெய்த குருத்தெலும்பின் தரத்தில் இருக்கிறது என்று தடிமன் எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. முதல் ஆய்வில் ஒப்பீட்டுக் குழு இல்லை என்பது உண்மையான குறை. பின்னர் ஆஸ்டியோடமியோடும் செயற்கை மூட்டோடும் குலுக்கல் முறையில் ஒப்பிட்டுச் செய்தார்கள். அந்த 20 பேரைத் தொடர்ந்து பார்த்ததில், கூடிய தடிமன் ஆண்டுகள் போகப் போகக் கரைந்தது. ஆனாலும் ஒன்பது ஆண்டு கழித்து ஏறத்தாழப் பாதிப் பேர் செயற்கை மூட்டு இல்லாமல் தங்கள் காலிலேயே நடந்துகொண்டிருந்தார்கள். முதல் ஆண்டில் யாருக்கு இடைவெளி அதிகம் விரிந்ததோ, பெரும்பாலும் அவர்கள்தான் அப்படி நிலைத்தவர்கள். நோய் குறைவாக இருந்தவருக்கு இரண்டுமே நன்றாக அமைந்திருக்கலாம் என்று இதற்கும் மறுப்புச் சொல்லலாம். 20 பேரை வைத்து அதை முழுவதும் விலக்க முடியாது. என் கணிப்பில், வளர்ச்சியை அளந்த எண் நோயாளியின் பிற்காலத்தைப் பற்றி ஏதோ அறிந்திருந்தது என்று சொல்ல இதைவிட நல்ல சான்று இப்போதைக்கு இல்லை.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு, வலி குறைந்ததா என்று நோயாளியையே கேட்டால் போதாதா என்ற கேள்வி எஞ்சுகிறது. நோயாளிக்கு அது போதும். வளர்ச்சி நடந்ததா என்று தெரிய அது போதாது. 2002-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் மோஸ்லியும் குழுவினரும் 180 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மூட்டைச் சீவிச் சுத்தம் செய்தார்கள், ஒன்றுக்குக் கழுவிவிட்டார்கள், மூன்றாம் குழுவுக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டார்கள். யாருக்கு என்ன செய்தார்கள் என்று நோயாளிகளுக்குத் தெரியாது. இரண்டாண்டு தொடர்ந்ததில் முதல் இரண்டு குழுக்கள் மூன்றாவதைவிட எந்த விதத்திலும் மேலாக இல்லை. குருத்தெலும்பில் நரம்பே இல்லை என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். வலி வருவது அடியிலுள்ள எலும்பிலிருந்தும் மூட்டு உறையிலிருந்தும். ஆகவே வலி குறைந்ததைக் காட்டி வளர்ச்சியை நிறுவ முடியாது, வளர்ச்சியைக் காட்டி வலி குறையும் என்று வாக்குக் கொடுக்கவும் முடியாது. அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 2018-இல் வெளியிட்ட வரைவு வழிகாட்டியும் இந்த இரண்டையும் பிரித்தே பேசியது. மூட்டின் அமைப்பில் காட்டும் மாற்றம், நோயாளி உணரும் நலனை நம்பகமாக முன்கூட்டிச் சொல்வதாக நிரூபித்தால்தான் அதை மட்டும் வைத்து அனுமதி கேட்கலாம் என்பது அதன் சாரம்.

அதை நிரூபிக்கப் பெரிய கருவி எதுவும் புதிதாக வேண்டியதில்லை. அறுவைக்கு முன்னும், உலோகம் நீங்கிய பின்னும், அதே இயந்திரத்தில், அரைமணி ஓய்வுக்குப் பிறகு ஸ்கேன். வரிசை தெரியாதவர் அளப்பது. அதே அறுவை, வளர்ச்சிக்கான கூடுதல் சிகிச்சை மட்டும் இல்லாத ஒப்பீட்டுக் குழு. ஐந்து முதல் பத்து ஆண்டு பொறுமை. இதோடு, இன்னும் போதிய அளவு பயன்படுத்தப்படாத ஒரு பொருளும் இருக்கிறது. ஆஸ்டியோடமியோ மூட்டு விலக்கமோ செய்துகொண்டவர்களில் ஒரு பகுதியினர் கடைசியில் செயற்கை மூட்டுக்கு வருகிறார்கள். அப்போது தொடை எலும்பின் முனையும் கீழ்க்கால் எலும்பின் தட்டும், மேலுள்ள திசுவோடு, பல மில்லிமீட்டர் தடிமனில் அப்படியே வெட்டியெடுக்கப்படுகின்றன. 2 மில்லிமீட்டர் குச்சிக்குப் பதிலாக முழுப் பரப்பும் கையில் கிடைக்கிறது. முன்பு எடுத்த ஸ்கேனில் புதிதாகத் தெரிந்த இடம் எது என்று பொருத்தி, அங்கே சாயமேற்றலாம், கொலாஜன் வகையைப் பார்க்கலாம். கார்பன்-14-ஐயும் கொள்கையளவில் அளக்கலாம். 1960-களில் வளர்ந்த ஒருவரின் பழைய கொலாஜனில் அந்தக் காலத்துக் கார்பன் மிகுதியாக இருக்கும், அறுவைக்குப் பின் உண்டான இழையில் அது இருக்காது. இதிலும் ஒரு சாய்வு உண்டு. இப்படிக் கிடைப்பவை தோற்றுப்போன மூட்டுகள் மட்டுமே. ஒன்பது ஆண்டு தாங்கியவர்களின் திசு அவர்கள் முழங்காலிலேயே இருக்கும். அதனால் தோற்றவற்றில் நல்ல திசு இல்லையென்றால் அதிலிருந்து அதிகம் சொல்ல முடியாது. தோற்ற மூட்டிலும் புதிய, இரண்டாம் வகைக் கொலாஜன் கொண்ட, சிவப்பாகச் சாயம் பிடிக்கும் திசு கிடைத்தால், ஹண்டரின் முடிவைத் திருத்தி எழுத அது ஒன்றே போதும்.